புத்தகம் திறந்திருக்கும், பக்கம் தெரியுமா?

“பொஸ்தகத்தப் பாத்து எழுதுற பரீட்சைன்னு சொன்னியே. அதுலயுமா பெயிலாவாங்க?”

அம்மா கேலி செய்யவில்லை, புரியாமல்தான் கேட்டார். கேமரன் மலையில், ரிங்லெட்டை ஒட்டிய ஒரு தேயிலைத் தோட்டத்தில் 30 ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர் அவர். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தார். அவருக்குத் தெரிந்த பரீட்சையில் புத்தகத்தைப் பையில் வைத்து வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மகளோ ஒரு பெட்டி நிறையப் புத்தகத்தைத் தேர்வு மண்டபத்துக்குள் கொண்டுபோய், அத்தனையையும் மேசையில் பரப்பி வைத்து எழுதியும் தோற்று வந்திருக்கிறாள். அவருக்கு வியப்பாக இருக்காதா?

அன்று என்னிடம் சரியான பதில் இல்லை. “கேள்வி கஷ்டம்மா” என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். உண்மையான பதிலைக் கண்டுபிடிக்க எனக்குப் பல மாதங்கள் ஆயின. பொறியியல் படிக்கும் மாணவர்களுக்கும், படிக்க ஆசைப்படும் மாணவர்களுக்கும் அது பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

எந்தத் தேர்வு இது?

பட்டம் வாங்கினால் பொறியியலாளர் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சட்டம் அப்படி நினைப்பதில்லை. மலேசியாவில் 1967ஆம் ஆண்டுப் பொறியியலாளர் பதிவுச் சட்டத்தின்படி, மலேசியப் பொறியியலாளர் வாரியத்தில் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். பட்டதாரிப் பொறியியலாளராகப் பதிந்து, குறைந்தது மூன்று ஆண்டு அனுபவம் பெற்று, தொழில்முறை மதிப்பீட்டில் தேறிய பிறகுதான் பெயருக்கு முன்னால் ‘ஐ.ஆர்.’ என்று போட்டுக்கொள்ளலாம். 2015இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இன்னொரு படியைச் சேர்த்தது. கட்டட வரைபடங்களில் கையெழுத்திட்டு அதிகாரிகளிடம் சமர்ப்பிக்க வேண்டுமானால், தொழில் நடத்தும் சான்றிதழையும் பெற வேண்டும். அதற்குத் தகுதித் தேர்வு உண்டு.

சிங்கப்பூரிலும் இதே போன்ற ஏற்பாடுதான். நம் நாட்டு இளைஞர்கள் பலர் அங்கே வேலை செய்கிறார்கள். நானும் அப்படிப் போனவள். அங்கே இரண்டு தேர்வுகள். முதலாவது பொறியியல் அடிப்படைத் தேர்வு. இரண்டாவது, சில ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு எழுதும் தொழில் நடைமுறைத் தேர்வு. இரண்டும் புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதும் தேர்வுகள். முதல் தேர்வில் தேறினேன். இரண்டாவதில்தான் அம்மாவின் கேள்விக்கு ஆளானேன்.

அமெரிக்காவிலும் உரிமத் தேர்வு நீண்ட காலம் அப்படித்தான் நடந்தது. கட்டுமானப் பொறியியல் பிரிவில் 80 கேள்விகள், 8 மணி நேரம். சக்கரம் வைத்த பெட்டிகளிலும் பிளாஸ்டிக் கூடைகளிலும் நூல்களை அடுக்கி இழுத்துக்கொண்டு மண்டபத்துக்குள் போவார்களாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கேள்விக்கு ஆறே நிமிடம். பக்கத்தைத் தேட இரண்டு நிமிடம் போனால், மூன்றில் ஒரு பங்கு நேரம் அங்கேயே முடிந்தது. எட்டு மணி நேரமும் அப்படித் தேடினால் 160 நிமிடம் புத்தகம் புரட்டுவதிலேயே கரைந்துவிடும்.

தமிழ்நாட்டில் பொறியியல் படித்தவர்களுக்கும் இந்த அனுபவம் உண்டு. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி தொகுத்த வடிவமைப்புத் தரவு நூல் இல்லாமல் இயந்திர வடிவமைப்புத் தேர்வுக்குப் போன இயந்திரவியல் மாணவரைப் பார்ப்பது அரிது. பற்சக்கரம், தாங்கி, வார்ப்பட்டை என்று அட்டவணை அட்டவணையாக இருக்கும் அந்த நூலைப் பார்த்து எழுத அனுமதி உண்டு. ஆனால் தேர்வுக்கு முதல் நாள் இரவுதான் அதைத் திறந்தவரின் பாட்டைக் கேட்டுப் பாருங்கள். அட்டவணை கண்ணுக்கு எதிரே இருக்கும். எந்த வரிசை, எந்தப் பத்தி என்பதுதான் தெரியாது.

நான் கொண்டுபோன பெட்டி

எனக்கு வேலை கற்றுத் தந்த மூத்தவர் ஒருவர் தன் பழைய கோப்புகளைக் கொடுத்திருந்தார். அவற்றோடு பாடநூல்கள், தரநிலைகள், சட்டத் தொகுப்புகள், பல்கலைக்கழகக் குறிப்புகள் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் அடுக்கினேன். பக்கங்களில் வண்ண ஒட்டுச் சீட்டுகளை ஒட்டினேன். ஒட்ட ஒட்டத் தைரியம் வந்தது. கடைசியில் ஒரே நூலில் அறுபது எழுபது சீட்டுகள், மயில் தோகையைப் போல. எல்லாப் பக்கமும் முக்கியம் என்று குறித்தால் எதுவுமே குறிக்காததற்குச் சமம் என்பது மண்டபத்தில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

தடுப்புச் சுவர் பற்றிய ஒரு கேள்வி வந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த பாடம். மண் அழுத்தக் குணக அட்டவணையைப் பார்த்த ஞாபகம் பசுமையாக இருந்தது. பச்சைச் சீட்டு என்பதும் நினைவில் இருந்தது. எந்த நூலில் என்பதுதான் நினைவில் இல்லை. நாலு நூல்களில் பச்சைச் சீட்டுகளைப் புரட்டிக் கண்டுபிடிப்பதற்குள் கால் மணி நேரம் போய்விட்டது.

இரண்டாவது தவறு இதைவிட மோசமானது. மூத்தவரின் கோப்பு பழைய பிரிட்டிஷ் தரநிலையான பி.எஸ். 8110ஐ ஒட்டி எழுதப்பட்டது. பிரிட்டனில் அந்தத் தரநிலை 2010இல் திரும்பப் பெறப்பட்டது. சிங்கப்பூர் 2013 முதல் ஐரோப்பியத் தரநிலையான யூரோகோடையும் சேர்த்து அனுமதித்து, 2015 ஏப்ரல் முதல் அதற்கே முழுமையாக மாறியது. மலேசியாவிலும் அதே ஐரோப்பியத் தரநிலை மலேசியத் தரநிலையாக ஏற்கப்பட்டிருக்கிறது. இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. ஆனால் நேரம் ஓடும்போது கைக்கு அகப்பட்ட பக்கத்தைத்தான் கண் பார்த்தது.

அதன் விளைவு என்ன என்பதை ஒரு சின்னக் கணக்கில் காட்டுகிறேன். சி25/30 என்பது கான்கிரீட்டின் வலிமைக் குறியீடு. உருளை வடிவ மாதிரியைச் சோதித்தால் 25, கனசதுர மாதிரியைச் சோதித்தால் 30 என்று பொருள். பழைய தரநிலை கனசதுர வலிமையை எடுத்து 0.156 என்ற எண்ணால் பெருக்கும். புதிய தரநிலை உருளை வலிமையை எடுத்து 0.167 என்ற எண்ணால் பெருக்கும். இரண்டும் அதனதன் இடத்தில் சரி. புதிய நூலிலிருந்து 0.167ஐயும் பழைய கோப்பிலிருந்து 30ஐயும் எடுத்துப் பெருக்கினால், உத்திரத்தின் வளைவுத் தாங்குதிறன் வரம்பு 20 விழுக்காடு கூடுதலாகத் தெரியும். தாளில் அது மதிப்பெண் இழப்பு. கட்டடத்தில் அது என்ன என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

திறந்திருந்த புத்தகம்

உரிமம் கொடுப்பதற்கு ஏன் இப்படி ஒரு தேர்வு, மனப்பாடத் தேர்வே வைத்தால் என்ன என்று கேட்கலாம். 2004 ஏப்ரல் 20ஆம் தேதி சிங்கப்பூரில் நடந்ததை நினைத்துப் பார்த்தால் அதற்கு விடை கிடைக்கும். நிக்கல் நெடுஞ்சாலையை ஒட்டி எம்.ஆர்.டி. சுரங்கப் பாதைக்காகத் தோண்டிய ஆழமான பள்ளம் சரிந்து, நெடுஞ்சாலையின் ஒரு பகுதியும் உள்ளே இறங்கியது. நான்கு பேர் உயிரிழந்தார்கள். விசாரணைக் குழு பல காரணங்களைக் கண்டது. மண்ணின் வலிமையைக் கணினியில் கணக்கிட்ட முறை பொருத்தமற்றது என்பது ஒன்று. பள்ளத்தின் சுவரைத் தாங்கிய எஃகு முட்டுகள் குறுக்கு உத்திரத்தோடு சேரும் இணைப்பின் வடிவமைப்பில், எஃகுத் தரநிலையின் ஒரு விதியைத் தவறாகப் பொருள்கொண்டார்கள் என்பது இன்னொன்று.

கவனியுங்கள். அந்த வடிவமைப்பாளர்கள் யாரும் தேர்வு மண்டபத்தில் இல்லை. தரநிலை நூலைப் பார்க்கக் கூடாது என்று எவரும் தடுக்கவில்லை. புத்தகம் திறந்தே இருந்தது. பொறியியலாளரின் அன்றாட வேலையே புத்தகத்தைத் திறந்து வைத்துச் செய்கிற வேலைதான். எந்த நூல், எந்தப் பதிப்பு, எந்த விதி, அந்த விதி எந்த நிலைமைக்குப் பொருந்தும் என்று அறிவதுதான் தொழில். உரிமத் தேர்வு சோதிப்பதும் அதையே.

நம் மலையில் இருப்பவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ரிங்லெட்டில் 1963இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பாக்கார் அணை நாம் தினமும் கடக்கும் இடம். மேலே காடு வெட்டப்பட்ட சரிவுகளிலிருந்து அடித்து வரும் மண் அணையின் ஏரியில் படிவது நாம் கண்ணால் பார்ப்பது. 2013 அக்டோபர் 23ஆம் தேதி அதிகாலை, கனமழையில் அணை நிரம்பி நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகளும் உயிர்களும் போயின. மழைக் காலத்தில் எந்தச் சரிவு எப்போது இறங்கும் என்ற பயத்தோடு சாலையில் போகிறவர்கள் நாம். ஒரு சரிவுக்கு வடிகால் எத்தனை அகலம் என்று முடிவு செய்கிறவர் சரியான அட்டவணையைப் பார்த்தாரா இல்லையா என்பது, கீழே லயத்தில் தூங்குகிறவரின் பிரச்சினை.

அப்பாவின் சல்லடை

தோற்ற பிறகு வந்த பள்ளி விடுமுறையில் தோட்டத்துக்கு வந்திருந்தேன். அப்பா தேயிலை ஆலையில் தரம் பிரிக்கும் பகுதியில் வேலை செய்தவர். கொழுந்து வந்ததும் வாட்டுவார்கள், உருட்டுவார்கள், புளிக்கவைத்து உலர்த்துவார்கள். கடைசியில்தான் சல்லடை. ஒன்றன் கீழ் ஒன்றாகச் சல்லடைகள், மேலே பெரிய கண், கீழே போகப் போகச் சின்னக் கண். ஒரே செடியின் இலைதான், ஆனால் பெரிய இலை ஒரு தட்டில், உடைந்தது ஒரு தட்டில், பொடி ஒரு தட்டில், தூள் ஒரு தட்டில் விழும்.

என் பெட்டியைப் பார்த்து அப்பா கேட்டார்: “இதெல்லாம் பிரிக்காத சரக்கா?”

அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் என் இரண்டாவது முயற்சி தொடங்கியது. நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், நூல்களை மூன்று தட்டாகப் பிரித்தேன். முதல் தட்டு கையருகே இருப்பது: நானே எழுதிய சொல்லகராதிக் கோப்பும் சூத்திரத் தாள்களும். இரண்டாவது தட்டு மேசையின் ஓரத்தில் இருப்பது: நடப்பிலுள்ள தரநிலைகளும் சட்டங்களும். மூன்றாவது தட்டு காலடியில் பெட்டியில் இருப்பது: பாடநூல்கள். தேர்வில் பாதிக்கு மேற்பட்ட கேள்விகளுக்கு முதல் தட்டே போதும் என்ற அளவுக்கு அதைத் தயாரிப்பதுதான் இலக்கு. பாடநூலைத் திறந்து புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள மண்டபத்தில் நேரம் கிடையாது.

இரண்டாவதாக, ஒவ்வொரு நூலின் முதுகிலும் பதிப்பு ஆண்டைத் தடித்த பேனாவில் எழுதினேன். காலாவதியான தரநிலைகளையும் அவற்றை ஒட்டிய பழைய கோப்புகளையும் பெட்டியிலிருந்தே எடுத்துவிட்டேன். மூத்தவர் அன்போடு கொடுத்ததைப் பரணில் வைக்க மனம் வரவில்லைதான். ஆனாலும் வைத்தேன். தரநிலை மட்டுமல்ல, சட்டமும் மாறும். நம் நாட்டில் 1967ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள், இயந்திரங்கள் சட்டம் 2024 ஜூன் முதல் நீக்கப்பட்டுவிட்டது. 2023இல் தயாரித்த கோப்பை அப்படியே நம்பினால் இல்லாத சட்டத்தை மேற்கோள் காட்டுவீர்கள். நகர்ப்புற வடிகால் கையேடான மஸ்மாவுக்கும் 2000ஆம் ஆண்டு முதல் பதிப்பு, 2012இல் இரண்டாம் பதிப்பு என்று உண்டு. தம்பி தங்கைகளுக்குக் குறிப்புகளைக் கொடுக்கும்போது முதல் பக்கத்தில் தேதி போட்டுக் கொடுங்கள்.

மூன்றாவது வேலைதான் மிக முக்கியம்: சொந்தச் சொல்லகராதி. நூலின் கடைசியில் ஏற்கெனவே ஓர் அகராதி இருக்கிறதே என்பீர்கள். அது நூலாசிரியரின் மனத்தில் தோன்றிய சொற்களின் பட்டியல். உங்களுக்கு அந்த நேரத்தில் வேறு சொல் தோன்றும். ஆகவே பயிற்சிக் கணக்கு போடும்போது பக்கத்தில் ஒரு நோட்டை வைத்துக்கொள்ளுங்கள். எப்போதெல்லாம் நூலைத் திறக்கிறீர்களோ அப்போதெல்லாம் மூன்று விவரம் எழுதுங்கள்: என்ன தேடினேன், என்ன சொல் மனத்தில் வந்தது, எந்த நூலில் எந்தப் பக்கத்தில் கிடைத்தது. ஒரே பக்கத்தை மூன்று முறை தேடியிருந்தால் அதுதான் ஒட்டுச் சீட்டுக்கு உரிய பக்கம். நூறு கணக்கு போட்டு முடிக்கும்போது அகராதி தானாக வளர்ந்திருக்கும். பிறகு அகர வரிசையில் தட்டச்சு செய்துகொள்ளலாம்.

இதில் நமக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. தொடக்கப் பள்ளியில் அறிவியலைத் தமிழில் படித்தோம். இடைநிலைப் பள்ளியில் மலாயில் படித்தோம். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம். அவசரத்தில் எந்த மொழியில் சொல் வரும் என்று சொல்ல முடியாது. எனக்குச் சரிவு என்றால் முதலில் ‘செருன்’ என்ற மலாய்ச் சொல்தான் வரும், பிறகுதான் ‘ஸ்லோப்’. தடுப்புச் சுவருக்கு ‘தெம்போக் பெனாஹான்’ என்று ஒரு நொடியும், ‘ரீட்டெயினிங் வால்’ என்று மறு நொடியும் தோன்றும். அதனால் என் அகராதியில் ஒரே பக்க எண்ணை இரண்டு மூன்று சொற்களின் கீழும் எழுதினேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மும்மொழி தெரிந்தவருக்கு மூன்று வாசல்; எந்த வாசலில் நுழைந்தாலும் அதே அறைக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

நான்காவதாக, சூத்திரத் தாள். ஒரு தலைப்புக்கு ஒரே தாள். சூத்திரம், ஒவ்வொரு குறியீட்டின் பொருள், அலகு, எந்த நூலின் எந்த விதி, எப்போது பயன்படுத்தக் கூடாது என்ற ஒரு வரி, எண்களோடு ஒரு சின்ன எடுத்துக்காட்டு. இந்தக் கடைசி இரண்டையும் பலர் விட்டுவிடுகிறார்கள். ‘எப்போது பயன்படுத்தக் கூடாது’ என்ற வரிதான் நிக்கல் நெடுஞ்சாலையில் தேவைப்பட்ட வரி. எடுத்துக்காட்டு இருந்தால் அலகுத் தவறு உடனே பிடிபடும். மில்லிமீட்டரில் போட வேண்டியதை மீட்டரில் போட்டால் விடை எங்கோ போய் நிற்கும். பக்கத்தில் மாதிரி இருந்தால் கண் சட்டென்று காட்டிக்கொடுக்கும்.

ஐந்தாவதாக, சட்டங்களுக்கு ஒரே ஒரு பட்டியல். சட்டத்தை முழுக்க மனப்பாடம் செய்ய வேண்டாம். ‘யார் பொறுப்பு’, ‘யாரிடம் அனுமதி’, ‘எத்தனை நாளில்’, ‘மீறினால் என்ன’ என்று நான்கு பத்தி போட்டு, ஒவ்வொரு சட்டத்திலும் அதற்கான பிரிவு எண்ணை மட்டும் நிரப்புங்கள். மலேசியாவில் கட்டடத் துறைக்கு 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டமும் 1984ஆம் ஆண்டு ஒரேசீர் கட்டடத் துணைவிதிகளும் இந்தப் பட்டியலில் முதலில் வர வேண்டியவை.

ஆறாவதாக, ஒட்டுச் சீட்டுக்குக் கட்டுப்பாடு. நான் ஐந்து நிறங்களுக்கு மேல் பயன்படுத்தவில்லை. மேல் விளிம்பில் ஒட்டினால் அத்தியாயத் தொடக்கம். பக்கவாட்டில் ஒட்டினால் அட்டவணை. சீட்டின் மேல் வெறும் நிறம் போதாது; சொல்லும் எழுதியிருக்க வேண்டும். ஒரு நூலுக்கு இருபது சீட்டுகளுக்கு மேல் வந்தால், எதை எடுப்பது என்று யோசித்தேன்.

ஏழாவதாக, தேர்வு விதிகளைப் படித்தேன். இது சின்ன விஷயமாகத் தோன்றும். அமெரிக்கத் தேர்வில் கட்டப்படாத உதிரித் தாள்களை உள்ளே அனுமதிக்கவில்லை. வளையக் கோப்பில் துளையிட்டுக் கோத்திருந்தால் சரி. இந்திய வழக்கறிஞர் தேர்வில் இப்போது சட்டங்களின் மூலப் பிரதி மட்டும் அனுமதி. உரையோ குறிப்போ எழுதியிருக்கக் கூடாது. கணிப்பானிலும் எந்த வகை அனுமதி என்று பட்டியல் இருக்கும். ஒவ்வொரு வாரியத்தின் விதியும் வேறு. ஆண்டுக்கு ஆண்டு மாறவும் செய்யும். போன ஆண்டு எழுதிய நண்பர் சொன்னதை நம்பாதீர்கள். இந்த ஆண்டின் அறிவிப்பை நீங்களே வாரியத்திடமிருந்து எடுத்துப் படியுங்கள்.

சமையல் மேசையில் ஒத்திகை

எல்லாம் தயாரான பிறகும் நான் தேர்வுக்குத் தயாராகவில்லை. அதை ஒத்திகைதான் காட்டியது. தேர்வு மண்டபத்து மேசை சின்னது. நான் வீட்டில் படித்ததோ தரை முழுக்கப் பரப்பிக்கொண்டு. ஆகவே தோட்டத்து வீட்டில், அம்மாவின் சமையல் மேசையில் ஓர் ஆளுக்கு வேண்டிய இடத்தை மட்டும் சாக்கட்டியால் கோடு கிழித்து, அதற்குள்ளேயே நூல்களை அடுக்கி, கடிகாரம் வைத்து முழு நேரத் தேர்வு எழுதினேன். அம்மா சமையலை அடுப்பங்கரைத் தரையில் உட்கார்ந்து செய்தார்.

எழுதும் முறையையும் மாற்றினேன். முதல் சுற்றில் நூலைத் தொடாமலே செய்யக்கூடிய கேள்விகள். இரண்டாவது சுற்றில் ஒரே ஒரு பக்கம் பார்த்தால் போதும் என்ற கேள்விகள். மூன்றாவது சுற்றில்தான் தேடிப் பிடிக்க வேண்டியவை. ஒன்றரை நிமிடத்துக்குள் பக்கம் அகப்படாவிட்டால் அடையாளம் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட வேண்டும். அதோடு, இரண்டு ஒத்திகையிலும் திறக்கப்படாத நூலை மூன்றாவது முறை பெட்டியில் ஏற்றவில்லை. முதல் முறை தள்ள முடியாமல் தள்ளிக்கொண்டு போன பெட்டி, இரண்டாம் முறை ஒரு கையில் தூக்கும் அளவுக்கு வந்துவிட்டது.

கணினி வந்தாலும் வேலை அதேதான்

இனி எல்லாம் கணினியில் அல்லவா, தேடு என்று தட்டினால் வந்துவிடுமே என்று சில மாணவர்கள் கேட்கிறார்கள். உண்மைதான். அமெரிக்கக் கட்டுமானப் பொறியியல் உரிமத் தேர்வு 2022 ஜனவரி முதல் கணினிக்கு மாறிவிட்டது. பெட்டிகள் போயின. தேர்வு நடத்துகிறவர்களே மின்கையேட்டையும் தரநிலைகளையும் திரையில் தருகிறார்கள். சொந்தக் குறிப்பு எதையும் கொண்டுபோக முடியாது.

ஆனால் தேடும் பெட்டியில் எந்தச் சொல்லைத் தட்டுவது? ‘சுவர்’ என்று தட்டினால் நூற்றுக்கணக்கான இடங்கள் வரும். அந்தக் கையேட்டில் அந்தப் பொருளுக்கு என்ன பெயர் என்று முன்பே பழகியவருக்குத்தான் ஒரே தட்டில் கிடைக்கும். சொந்த அகராதி எழுதிப் பழகியவர் அதைக் கையில் கொண்டுபோகாவிட்டாலும் மூளையில் கொண்டுபோகிறார். ஆக, மேலே சொன்ன வேலை எதுவும் வீண் போகாது. ஒரே ஒரு மாற்றம்: பயிற்சி முழுவதையும் அந்த மின்கையேட்டை வைத்தே செய்ய வேண்டும்.

படிவம் 5 மாணவர்களுக்கு

இதெல்லாம் பத்து ஆண்டு கழித்து வரப்போகிற தேர்வு, எனக்கு இப்போது எதற்கு என்று நினைக்கும் படிவம் 4, 5 மாணவர்களே, உங்கள் எஸ்.பி.எம். கூடுதல் கணிதத் தாளின் தொடக்கத்தில் சூத்திரப் பட்டியல் ஒன்று கொடுக்கப்படுகிறது. அதுவும் ஒரு சின்னத் திறந்த புத்தகம்தான். எந்தச் சூத்திரம் பட்டியலில் இருக்கிறது, எது இல்லை என்று தெரிந்தவர் இல்லாததை மட்டும் மனத்தில் ஏற்றிக்கொள்கிறார். தெரியாதவர் இருப்பதையும் மனப்பாடம் செய்து நேரத்தை வீணாக்குகிறார், அல்லது இல்லாததைத் தேர்வன்று தேடித் தவிக்கிறார். வீட்டில் பயிற்சி செய்யும்போதே அந்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துச் செய்யுங்கள். தவறாகப் போட்ட ஒவ்வொரு கணக்குக்கும் எதைத் தேடினேன், எங்கே கிடைத்தது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். ஐந்து வெள்ளி நோட்டுப் புத்தகம் போதும். டியூஷனுக்குப் போக வசதியில்லாத தோட்டத்து வீட்டிலும் இதைச் செய்யலாம்.

இரண்டாவது முறை தேர்வு எழுதித் தேறினேன். செய்தி வந்த அன்று வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். அம்மாவின் பழைய கேள்விக்கு இந்த முறை பதில் சொன்னேன்: “அம்மா, மொத தடவ பொஸ்தகம் மட்டும்தான் இருந்துச்சு. எங்க என்னா இருக்குன்னு எனக்குத் தெரியல.”

அம்மா சிரித்தார். “அதான பாத்தேன். புதுசா வர்ற ஆளுக்கும் கூடையெல்லாம் குடுக்கத்தான் செய்வாங்க. எந்த நெரையில கொழுந்து நிக்குதுன்னு தெரிஞ்சாத்தான கூட நெறையும்.”

என் அகராதிக் கோப்பு இப்போதும் அலுவலக மேசையில் இருக்கிறது. தேர்வு முடிந்த பிறகும் அதில் வரிகள் கூடிக்கொண்டே போகின்றன. ஒரு வரைபடத்தில் கையெழுத்திடும் முன்பு, விதி எண்ணையும் பதிப்பு ஆண்டையும் ஒருமுறை அதில் சரிபார்க்கிறேன். நினைவில் இருக்கிறதே என்று விட்டுவிடுவதில்லை.